பத்துப் பேருக்கு ஒரு ஹார்ன்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. வேலை செய்யும் கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளும்போது தம்பிக்கு இடது விலாவில் குத்தியது. வாயு என்று நினைத்து சோடா குடித்தான்.

2. மூச்சு எடுக்க முடியாமல் போனதும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடது நுரையீரலில் சிறு ஓட்டை விழுந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரல் சுருங்கியிருந்தது. விலாவில் குழாய் போட்டார்கள்.

3. குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இது திரும்பவும் வரலாம் என்றார்கள்.

4. சில மாதங்கள் கழித்துக் கிளினிக்கில், அவன் வாசிக்கும் ஊதுகருவியான ஹார்னை மெதுவாக ஊதிப் பார்க்கலாம், வலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர்.

5. அதே சமயத்தில், ஹட்டனில் ஒரு தேவாலயத்தில் பித்தளைக் கருவிகள் வாசிக்கும் ஐந்து பேரும், மரக்குழல் கருவிகள் வாசிக்கும் நாங்கள் ஐந்து பேரும் நத்தார்ப் பண்டிகையின் கரோலுக்கு ஒன்றாக வாசிப்பது என்று முடிவானது.

6. பத்துப் பேருக்கும் பொருந்தும் இசையைத் தேடும் வேலை எனக்கு வந்தது.

7. கிடைத்த எல்லாவற்றிலும் அதிகம் மூச்சுப் பிடிக்க வேண்டியவர் ஹார்ன் வாசிப்பவர். எங்களிடம் ஹார்ன் வாசிப்பவன் தம்பி ஒருவன்தான்.

8. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில், ஹார்னுக்கென்று எழுதிய சுர வரி ஓரிடத்திலும் விடுபடாமல் கடைசிவரை கேட்டது.

எட்டாவதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அன்று அது கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கும் பயம் இல்லை. பல மாதங்களில் நான் பயமில்லாமல் இருந்தது அந்தச் சிறிது நேரம்தான்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்தவள். வட்டகொடைக்கு அப்பால் ஓர் ஆற்றோரம் இருக்கும் சிறிய நீர்மின் நிலையத்தில் வேலை. குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தம், டர்பைனின் வேகம், பேரிங்கின் சூடு, இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அங்கே முன்கூட்டியே தீர்மானித்து, முள் ஓடும் தட்டில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். முள் கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும். அடிக்காதவரை உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். தம்பியின் நெஞ்சில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று எனக்கு யாராலும் காட்ட முடியவில்லை.

முதல் தடவை அவனை வார்ட்டில் படுக்க வைத்தபோது, விலாவிலிருந்து வந்த குழாய் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய ஒரு போத்தலில் முடிந்தது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் தண்ணீரில் குமிழி வந்தது. அம்மா மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். தேயிலைக் கொழுந்து பறித்த கைகளைக்கூடக் கழுவவில்லை. போத்தலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து குமிழிகளையே பார்த்தாள்.

“என்னாடி இது? உசுரா வெளிய போகுது?”

“காத்தும்மா.”

“காத்துன்னா என்னா, உசுருதான?”

கட்டிலில் இருந்து தம்பி, “அம்மா, நீ அதையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு வெக்கமா இருக்கு” என்றான். சிரிக்கப் போனான், வலித்தது, நிறுத்திக்கொண்டான். குமிழிகள் ஒரு கணம் கூட்டமாக வந்து அடங்கின.

டாக்டர் சிங்களவர், இளைஞர். உயரமாக, ஒல்லியாக இருக்கும் வாலிபர்களுக்கு இப்படி எந்தக் காரணமும் இல்லாமல் வருவதுண்டு என்று பொறுமையாக விளக்கினார். தம்பி உயரம். கதவு நிலைக்குக் குனிய வேண்டியவன். நான் சிங்களத்தில் கேட்டேன்: “திரும்ப வருமா?”

“வரலாம். வராமலும் இருக்கலாம்.”

“எப்படித் தெரிந்துகொள்வது?”

“வந்தால் தெரியும்.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சொற்களை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து அவற்றோடு வாழ்வது கடினமாக இருந்தது. எவற்றால் வரக்கூடும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கடைக் கதவு. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது. தும்மல். கிரிக்கெட் பார்க்கும்போது போடும் கூச்சல். அவன் டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறான். அங்கே யாராவது நகைச்சுவை சொல்லிவிடுவார்களோ என்றுகூடப் பயந்திருக்கிறேன். வரிசை நீண்டதே தவிர, பயம் குறையவில்லை. ஹார்னை அந்த வரிசையில் நான் சேர்த்திருக்கவில்லை. ஏனென்றால் அவன் இனி அதைத் தொடமாட்டான் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் டாக்டர் “மெதுவாக ஊதிப் பார்க்கலாம்” என்று சொன்ன அன்று, தம்பி பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டு வந்தான். ஹார்னின் வால்வுகளை அழுத்தும் மூன்று விரல்கள்தான் அவை.

நாங்கள் இரண்டு கூட்டமாக இருந்தோம். தேவாலயத்தின் பித்தளை ஐவரில் இரண்டு ட்ரம்பெட், தம்பியின் டெனர் ஹார்ன், ஒரு ட்ரம்போன், ஒரு யூஃபோனியம். எங்கள் குடும்பம் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனால் பள்ளிக்கூட பாண்டில் தம்பி ஹார்ன் பழகியிருந்ததால், ஆள் இல்லாத தேவாலயக்காரர்கள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மரக்குழல் ஐவர் என்பது, அதே பள்ளி பாண்டில் இருந்துவிட்டு வேலை, கல்யாணம் என்று ஆனபிறகும் விடாமல் வாசிக்கும் நாங்கள். ஒரு ஃப்ளூட், இரண்டு கிளாரினெட், ஒரு டெனர் சாக்ஸபோன், ஓர் ஆல்டோ சாக்ஸபோன். இரண்டாவது கிளாரினெட் நான். ஆல்டோ வாசிப்பவர் மட்டும் எங்கள் பள்ளியில் படித்தவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் கற்பிக்கும் விஞ்ஞான டீச்சர்.

இரண்டு கூட்டமும் முதல் தடவை ஒன்றாக உட்கார்ந்தபோது, நாங்கள் மாமா என்று கூப்பிடும் ட்ரம்போன்காரர் டீச்சரின் சாக்ஸபோனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தோட்ட ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். பித்தளை ஐவருக்கு அவர்தான் தலை.

“ஏன் டீச்சர், இது தகதகன்னு பித்தளையா இருக்கு. இது எப்புடி மரக்குழல் கட்சி?”

“வாயில வைக்கிறது நாணல் சீவல் எல்லோ ஐயா. அதாலதான்.”

“அப்ப எங்க கட்சிய ஏமாத்திட்டுப் போயிருக்கு.”

“நீங்கள் கூப்பிட்டால் வரும். எந்தப் பக்கம் எண்டாலும் அதுக்குச் சரிதான்.”

அது வேடிக்கைப் பேச்சு. ஆனால் உண்மையில் இரு பக்கத்துக்கும் சொந்தமான கருவி ஹார்ன்தான். மரக்குழல் ஐவருக்கு எழுதப்பட்ட இசையில் பிரெஞ்சு ஹார்ன் ஒன்று இருக்கும், அந்த வரியை டெனர் ஹார்ன் எடுத்துக்கொள்ளலாம். பித்தளை ஐவருக்கு எழுதப்பட்டதிலும் இருக்கும். உலகெங்கும் வழக்கம் அது. இரண்டு ஐவரும் சேர்ந்தால் இரண்டு ஹார்ன் வேண்டும். எங்களிடம் ஒன்று.

ஷிப்ட் இல்லாத நாட்களில் தேடினேன். இரட்டை ஐவருக்கென்றே எழுதப்பட்டவை மிகக் குறைவு. இருப்பவை பட்டம் பெற்ற இசைக்காரர்களுக்கானவை. முதல் பக்கத்தைப் பார்த்தாலே எங்கள் ட்ரம்பெட்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். பழங்காலத்து அரண்மனைத் தோட்டங்களில் வாசிக்க எட்டு ஊதுகருவிகளுக்கு எழுதியவை நிறையக் கிடைத்தன. அவை ஓபோவையும் பஸூனையும் கேட்டன. அந்த இரண்டையும் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஓபோ வரியைக் கிளாரினெட்டுக்கும், பஸூன் வரியை டெனர் சாக்ஸபோனுக்கும் மாற்றி எழுதலாம். மாற்றினேன். பித்தளைப் பக்கம் வேறொரு சிக்கல். டியூபா, ட்ரம்போன் வரிகள் எல்லாம் தாழ்ந்த ஒலிகளுக்கான கீழ்ச்சுரக் குறியில் இருந்தன. தேவாலய பாண்டில் பெரிய கருவி முதல் சின்னக் கருவி வரை எல்லோரும் ஒரே மேல்சுரக் குறியில் வாசித்துப் பழகியவர்கள்.

“பாப்பா, இந்தக் காது மாதிரி இருக்கிற குறியெல்லாம் நமக்கு வேணாம். நமக்குத் தெரிஞ்ச குறியில போட்டுக் குடு” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் மாமா. அதையும் மாற்றினேன்.

இவையெல்லாம் வேலை. வேலைக்கு எனக்குப் பயமில்லை. ஒவ்வொரு தாளிலும் நான் முதலில் தேடியது வேறொன்றை: ஹார்ன் எவ்வளவு நேரம் பிடிக்கிறது? மரக்குழல்களின் சத்தம் மெல்லியது. பித்தளையின் சத்தம் முரடு. இரண்டும் ஒட்டுவதற்கு நடுவில் ஹார்னை நீளமாக ஊத விடுகிறார்கள். மற்றவர்கள் அதன்மேல் ஏறி இறங்குவார்கள். எழுதியவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் எல்லோருக்கும் இந்த ஒரே யோசனை. நீளமாகப் பிடிக்க வேண்டிய சுரங்களைத் தாளில் உள்ளே வெள்ளையாக விட்டு வரைவார்கள்; அவற்றைப் பார்க்கும்போது, கட்டிலுக்குக் கீழே இருந்த போத்தல்தான் ஞாபகம் வந்தது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. பெரிய தேவாலயங்களில் இரண்டு மாடங்களில் இரண்டு கூட்டம் நின்று, ஒன்று கேட்க மற்றது பதில் சொல்வதுபோல் வாசிக்க எழுதிய பழைய இசை. ஒரு ஐவர் வாசிக்கும்போது மற்ற ஐவருக்கு ஓய்வு. எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது. அப்புறம்தான் புரிந்தது: எல்லோருக்கும் பாதி நேரம் ஓய்வு, இரண்டு ஐவருக்கும் ஹார்னாக இருப்பவனுக்கு மட்டும் ஓய்வே இல்லை.

மரக்குழல் பக்கத்து ஹார்ன் வரி முழுவதையும் டீச்சருக்குக் கொடுத்தேன். டெனர் ஹார்னும் ஆல்டோ சாக்ஸபோனும் ஒரே சுருதிக் கருவிகள். ஒருவர் தாளை மற்றவர் அப்படியே பார்த்து வாசிக்கலாம், எதையும் மாற்ற வேண்டாம். பித்தளைப் பக்கத்து வரியையும் வெட்டினேன். நீளமானதைத் துண்டாக்கி, துண்டுகளுக்கு இடையில் ஓய்வு வைத்து, மீதியை மாமாவுக்கும் யூஃபோனியத்துக்கும் பிரித்தேன்.

தம்பி தாளைக் கையில் வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தான்.

“அக்கா, இது ஹார்ன் பார்ட்டா, லீவு எழுதுற பாரமா?”

“டாக்டர் மெதுவான்னுதான் சொன்னாரு.”

“மெதுவா ஊதச் சொன்னாரு. சும்மா ஒக்காரச் சொல்லல.”

“போதும்டா, இந்தத் தடவ இவ்வளவு.”

“பொணத்துக்கு சட்டை தச்ச மாதிரி இருக்கு” என்றான். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். வைத்த கையோடு, ஐயோ நெஞ்சுல பட்டுருச்சா என்று அவளே அழுதாள். பிறகு திருநீற்றை எடுத்து வந்து அவன் நெற்றியில் பூசி, மீந்ததை ஹார்னின் வாயிலும் பூசினாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்த மாமா, “நல்லது தங்கச்சி பூசினது. மாதா கோவிச்சுக்க மாட்டா” என்றார்.

இங்கே அந்த பாண்டின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய திருவிழாவில் மாதா சொரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழ்ரோட்டிலிருந்து மேட்டுத் தேவாலயம் வரை ஏறுவார்கள். பாண்ட் முன்னால் போகும். செங்குத்தான ஏற்றம், நடந்தாலே மூச்சு வாங்கும், ஊதிக்கொண்டு ஏற யாராலும் முடியாது. அதனால் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மூச்சு முடிந்தவர் பக்கத்து ஆளை முழங்கையால் இடிப்பார். இடி வாங்கியவர் தன் வரியை விட்டுவிட்டு இடித்தவரின் வரியை எடுத்துக்கொள்வார். பாட்டு அறுந்ததாக ஊர்வலத்துக்குத் தெரியாது. இதில் ஒரு கண்டிப்பு உண்டு: மூச்சு முடிந்தவர் கருவியை வாயிலிருந்து இறக்கக் கூடாது. சனம் பார்க்கும்போது பாண்டில் எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேட்டுக்கு என்று வந்த பழக்கம், அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும்போதும் போவதில்லை. ஒத்திகைகளில் இடியும் சிரிப்புமாகவே இருக்கும். டீச்சருக்கும் மாமா அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு நாள் தன் இருமலை மறைக்க டீச்சர் தம்பியை இடிக்க, அவன் டீச்சர் வரியை எடுத்து வாசித்து எல்லோரிடமும் கைத்தட்டு வாங்கினான். நானும் தட்டினேன். மின் நிலையத்தில் ஒரு பம்ப் நின்றால் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். அதைப் போன்ற நல்ல ஏற்பாடு என்றுதான் எனக்குப் பட்டது. எங்கள் நிலையத்தில் முதல் பம்ப் நின்றதும் சிவப்பு விளக்கு எரியும். இவர்களுடைய ஏற்பாட்டில் விளக்கு இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு மதியம் மண்டபத்தின் கதவைச் சாத்தியிருந்தோம். திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து தாள்கள் நமுத்துவிடும். இரண்டு ஐவரும் இரண்டு வளைவாக எதிரெதிரே உட்கார்ந்தோம். பித்தளை வளைவின் கடைசியில் தம்பி, அவனுக்குப் பக்கத்தில் எங்கள் வளைவின் கடைசியில் டீச்சர். நான் மறுகோடியில். டெனர் ஹார்னை மடியில் நிமிர்த்திப் பிடிப்பார்கள்; அதன் வாய் மேலே பார்க்கும். என் இடத்திலிருந்து அவன் நெற்றியும் முடியும் மட்டும் தெரிந்தன.

தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் வாசிப்போம் என்றார் மாமா. முதல் கேள்வி பித்தளை, பதில் நாங்கள். நான் என் வரியைப் பார்த்து வாசித்தாலும் காது முழுவதும் அவன் பக்கம். அவனுடைய துண்டுகள் எங்கே வர வேண்டும் என்று எனக்கு மனப்பாடம், வெட்டியவள் நான்தானே. ஒன்று வந்தது. அடுத்ததும் அதன் இடத்தில் வந்தது. நடுப்பகுதியில், இரண்டு ஐவரும் சேரும் இடத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்தில் ஏதோ ஒன்று குறைந்ததுபோல் இருந்தது. டீச்சரின் வரி. அவர் எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டார், திரும்பப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஹார்ன் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன, முன்னைவிட மெதுவாக, முன்னைவிட வழவழப்பாக. டாக்டர் சொன்னபடி மெதுவாக ஊதுகிறான் என்று எனக்குச் சந்தோஷம். தோள்கள் தளர்ந்தன. கடைசிப் பக்கத்தைக் காதில் ஒன்றும் தேடாமல் வாசித்தேன்.

முடிந்ததும் மண்டபத்தில் சத்தம் கொஞ்ச நேரம் நின்று அடங்கியது.

“அப்படிப் போடு!” என்றார் மாமா. “ஹார்ன் இன்னைக்கி என்னமா நின்னுச்சு பாத்தீங்களா? டேய் மருமகனே, ஒனக்கு ஒரு நுரையீரலே போதும்டா!”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. “அது நான் எல்லோ வாசிச்சனான்” என்றார்.

“எது டீச்சர்?”

“தம்பி இடிச்சவர். நடுவில. பிறகு அவர் திரும்ப எடுக்கேல்லை. நான் கடைசி மட்டும் கொண்டுபோனன்.”

நான் எழுந்தேன். கிளாரினெட்டை எங்கே வைத்தேன் என்று தெரியாது. பிறகு யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். தம்பி ஹார்னை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். வால்வுகளின் மேல் மூன்று விரல்களும் அப்படியே இருந்தன. கிட்டப் போனபோதுதான் நெற்றி முழுக்க வேர்த்திருந்தது தெரிந்தது. ஹார்னை நான்தான் அவன் வாயிலிருந்து எடுத்தேன். உதடு நீலமாக இருந்தது.

“டேய். எப்ப இருந்துடா?”

அவன் கையால் டீச்சரைக் காட்டினான். அவர் சொன்ன இடத்திலிருந்து என்று அர்த்தம். பேச மூச்சு இல்லை.

மாமாவின் மகன் ஓட்டோவைக் கதவு வரை கொண்டுவந்தான். பின் ஸீட்டில் தம்பி நடுவில், நானும் டீச்சரும் இரு பக்கமும். மூட்டத்தில் முன் விளக்கு நாலு முழத்துக்கு மேல் போகவில்லை. வளைவுக்கு வளைவு ஓட்டோவின் ஹார்னை அடித்துக்கொண்டு போனோம். டீச்சர் அவன் கையைப் பிடித்தபடி, “தம்பி, என்னைப் பாருங்கோ, என்னைப் பாருங்கோ” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவன் மூச்சைக் கேட்க முயன்றேன். ஓட்டோ எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அந்த ரோட்டில்தான். பக்கத்தில், என் தோளோடு தோள் ஒட்டி இருக்கிறான். ஆனாலும் இருக்கிறானா என்று தெரியவில்லை.

இருந்தான். ஆஸ்பத்திரியில் மறுபடி குழாய், மறுபடி போத்தல். அதே டாக்டர். இரண்டாவது தடவை என்றால் குழாய் போதாது, கண்டிக்கு அனுப்பி அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்ட வைப்பார்களாம். அம்மா குந்தி உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் குந்தினேன்.

அவனுக்குப் பேச முடிந்ததும் கேட்டேன்: “வலிச்சா நிறுத்தணும்னு சொன்னாருல்ல?”

“நிறுத்தினேனே. டீச்சர இடிச்சேனே.”

“வாயிலேருந்து ஏன்டா எடுக்கல?”

“எடுத்தா நீ பாத்துருவ.”

“பாக்கணும்னுதான்டா!”

“ஒன் மூஞ்சி போற போக்கப் பாத்தா எனக்கு இருக்கிற மூச்சும் நின்னுரும்க்கா” என்றான். சிரிக்காமல்தான் சொன்னான். “கொஞ்சம் சரியாயிரும்னு நெனச்சேன். பாட்டு முடியட்டும்னு பாத்தேன்.”

மண்டபத்தில் நான் அவன் ஊதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இருவருக்கும் நடுவில் டீச்சர், பாவம், சொல்லிக்கொடுத்தபடி நன்றாக வாசித்திருக்கிறார்.

டீச்சர் ஒரு வாரம் சாக்ஸபோனைத் திறக்கவில்லை என்று பிறகு சொன்னார். “நான் ஏன் ஒருக்கா திரும்பிப் பார்க்கேல்லை?” என்று என்னிடம் கேட்டார். தாளைப் பார்த்து வாசிக்கும்போது யாராலும் திரும்பிப் பார்க்க முடியாது என்றேன். அது உண்மையும்கூட.

அவனைக் கண்டிக்குக் கொண்டுபோன பிறகு வந்த ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னேன். இனி யாருக்கு முடியவில்லையோ அவர் கருவியைக் கீழே இறக்க வேண்டும். பாட்டு அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்.

மாமா தலையைச் சொறிந்தார். “மண்டபத்துல சரி பாப்பா. மேட்டுல?”

“மேட்டுலயும் மாமா. நின்னு மூச்சு வாங்கிட்டு ஏறுங்க.”

“பாண்ட் நின்னா பின்னால மாதா நிக்கணுமே?”

“நிக்கட்டுமே. தூக்கிட்டு வர்றவங்களுக்கும் மூச்சு வாங்கும்ல?”

மாமா, “அவனுங்கதான் மொதல்ல நன்றி சொல்வானுங்க” என்று முணுமுணுத்துவிட்டு ட்ரம்போனை எடுத்தார். ஒப்புக்கொண்டாரா என்று அன்று தெரியவில்லை. அடுத்த பாட்டின் நடுவில் ட்ரம்பெட்காரர் ஒருவர் சட்டென்று கருவியை மடியில் இறக்கினார். பாட்டில் ஓர் ஓட்டை விழுந்தது. எல்லோரும் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தோம். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “தடிமன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி தொடங்கினோம்.

கரோல் நிகழ்ச்சியில் அந்தக் கேள்வி பதில் இசையை வாசிக்கவில்லை. ஒன்பது பேராக மூன்று கரோல் பாட்டுகளை வாசித்தோம். தம்பி கண்டியில் வார்ட்டில் இருந்தான். மாமாவின் மகன் பிடித்து அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, “நடுவுல வெறிச்சுன்னு இருக்கு” என்று செய்தி அனுப்பினான்.

இப்போதைய நிலை. அறுவைச் சிகிச்சை முடிந்து தம்பி வீட்டில் இருக்கிறான். கடைக்குப் போகிறான், கதவை முதலாளியே தள்ளுகிறார். இடது பக்கம் இனிச் சுருங்குவதற்கு வாய்ப்புக் குறைவு என்கிறார்கள். வலது பக்கத்தைப் பற்றி யாரும் தாமாக ஒன்றும் சொல்வதில்லை. நான் கேட்டால், வந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். இனி ஹார்ன் ஊதலாமா என்று கண்டி டாக்டரிடம் அவனே கேட்டான். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி மண்டபத்துக்கு வருகிறான், நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று கேட்கிறான். ஹார்ன் இல்லாமலே இரண்டு பக்கமும் சேர்ந்து வாசிக்க எழுதப்பட்ட இசையை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.